வலிக்காத கால்

போன மாசியில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி என் கிளினிக்குக்கு வந்தார். தனக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி, துணைக்கு வந்திருந்தார். அவர் உள்ளே நடந்து வரும்போது தரையில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வலது கால் பதியும்போது மட்டும்.

“அண்ணாச்சி, அந்தச் செருப்பைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க” என்றேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஓர் ஆணியின் தலை, தரையில் உரசி உரசிப் பளபளவென்று இருந்தது. சரக்குப் பெட்டிகளில் அடித்திருப்பார்களே, அந்த மாதிரி ஆணி. அதன் முனை செருப்பைத் துளைத்து உள்ளே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு துளை. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறியிருந்தது. லேசாக அழுத்தினால் கலங்கிய நீர் கசிந்தது.

“எத்தனை நாளா இந்தச் சத்தம்?”

“மூணு நாள் இருக்கும் சார். கல்லு கில்லு மாட்டியிருக்கும்னு விட்டுட்டேன். வலி ஒண்ணும் இல்லையே.”

அவருக்குச் சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்தான். அப்படியும் மூன்று நாள் ஓர் ஆணியின் மேல் நின்றுகொண்டு பருப்பும் அரிசியும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் அறுவை சிகிச்சை மருத்துவன். தினமும் நான் பார்ப்பதில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகளின் கால்கள். “புண்ணு இருக்கு, ஆனா வலி இல்ல சார்” என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் என்று புரிய, உள்ளங்கால் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூடு படம் போட்டுப் பாகம் குறித்தோம். அதைச் சொந்தக் காலில் பொருத்திப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் தோல். உங்கள் புறங்கையையும் உள்ளங்காலையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். கண்ணிமைத் தோல் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளங்காலிலோ மேல்தோல் மட்டுமே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். உடம்பின் மற்ற இடங்களில் மேல்தோலுக்கு நான்கு அடுக்கு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்தாவதாக ஓர் அடுக்கு கூடுதலாக உண்டு. முடி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள்தான் நெருக்கமாக இருக்கின்றன. அந்த வியர்வைதான் உள்ளங்காலைக் காயாமல் வைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தோலுக்கு அடியில் குதிகாலில் கொழுப்பு மெத்தை இருக்கிறது. தொந்திக் கொழுப்பு மாதிரித் தளதளவென்று இருக்காது. தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளாக நார்ச்சுவர் எழுப்பி, ஒவ்வோர் அறைக்குள்ளும் கொழுப்பை அடைத்து வைத்தது போல இருக்கும். மிதிக்கும்போது அமுங்கும், ஆனால் பக்கவாட்டில் ஓடிவிடாது. பெருவிரல் மேட்டுக்கு அடியிலும், மற்ற விரல்களின் அடிமேட்டிலும் இதே போன்ற சிறிய மெத்தைகள் உண்டு.

அதற்கும் உள்ளே எலும்புகள். வளர்ந்த மனிதருக்கு மொத்தம் 206 எலும்புகள் என்றால், அதில் 52 இரண்டு பாதங்களில் இருக்கின்றன. நான்கில் ஒரு பங்கு! ஒரு பாதத்துக்கு 26 எலும்பு, 33 மூட்டு. இத்தனை துண்டாக ஏன் இருக்க வேண்டும்? வரப்பிலும் மேடு பள்ளத்திலும் மிதிக்கும்போது பாதம் தரைக்குத் தக்கபடி வளைந்துகொடுக்க வேண்டும். அடுத்த நொடியே உடம்பை முன்னால் தள்ள அதே பாதம் கட்டை மாதிரி விறைக்கவும் வேண்டும். ஒரே துண்டு எலும்பால் இரண்டையும் செய்ய முடியாது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். கையால் பெருவிரலை மட்டும் மேல்நோக்கி மடக்குங்கள். பாதத்தின் உள்வளைவு தானாக எழும்பி வரும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, பெருவிரல் மடங்கியதும் இறுகி வளைவைத் தூக்குகிறது. ஒவ்வோர் அடியின் கடைசியிலும், குதிகால் எழும்பும் அந்தக் கணத்தில், இதுதான் நடக்கிறது. அப்போது பெருவிரல் மூட்டு தாராளமாக மடங்க வேண்டும். மடங்காவிட்டால் உடம்பின் எடை முழுக்க அந்த விரலின் அடித்தோலில் போய் இறங்கும்.

மூட்டு என்றால் இரண்டு எலும்புகளின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு, நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற ஒரு திரவம், சுற்றிலும் பை, வெளியே இழுத்துக் கட்டிய நார்கள். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு தப்பாகத் திரும்பினால் அதைச் சொல்வது சுற்றியுள்ள நார்களிலும் பையிலும் இருக்கும் நரம்புகள். எலும்புக்கும் மேலுறையில் நரம்பு உண்டு. தோலில் கேட்கவே வேண்டாம்.

ஆக, தோல், எலும்பு, மூட்டு மூன்றுக்கும் காவல் நரம்புதான். அது எப்படி வேலை செய்கிறது என்பது நமக்கே தெரியாது. ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நிற்கிறோம். நம்மை அறியாமல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுகிறோம், விரலை மடக்கி நீட்டுகிறோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒருவர் பாதத்தின் வெளி ஓரத்தில் எடை போட்டு நடப்பார், இன்னொருவர் குதிகாலை ஊன்றாமல் நடப்பார். நோகிற இடத்துக்கு உடம்பு தானாகவே ஓய்வு கொடுக்கிறது. உணர்ச்சி மரத்தவர் மட்டும் முதல் நாள் நடந்த மாதிரியே மூன்றாம் நாளும் நடப்பார். பார்க்கிறவர்கள் “பரவாயில்லையே, கொஞ்சமும் அசரலையே” என்பார்கள். உள்ளே ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை நசுங்கிக் கொப்புளமாகிக்கொண்டிருக்கும்.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்ட இடங்களில் நம் வேலூர் முக்கியமானது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். நோயின் கிருமி சதையை அழுகவைத்து விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. உணர்ச்சியற்ற விரலைச் சுடுபாத்திரம் சுடுகிறது, ஆணி குத்துகிறது, இராத்திரி தூங்கும்போது எலிகூடக் கடிக்கிறது. எதுவும் தெரியாததால் அவர்கள் விலகுவதில்லை, புண் ஆறுவதில்லை. எலி கடிப்பதைத் தடுக்க நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வது, அந்தக் காலத்தில் வேலூர், கரிகிரி பக்கம் தொழுநோயாளிகளுக்காக உருவானதுதான். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பதும் அதே செருப்பு.

சரி, சர்க்கரை என்ன செய்கிறது?

வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் நரம்பு கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் அவைதான் முதலில் அடிவாங்கும். விரல் நுனியில் எரிச்சல், எறும்பு ஊர்வது, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு வரும். அப்புறம் ஒரு நாள் எரிச்சல் குறையும். “இப்போ பரவாயில்ல சார், எரிச்சல் நின்னு போச்சு” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். சில பேருக்கு அது குணம். பல பேருக்கு அந்த நரம்பு சொல்வதையே நிறுத்திவிட்டது என்று பொருள். இன்னும் சிலருக்கு எரிச்சலே வராமல் நேராக மரத்துவிடும். செருப்பு காலைவிட்டு நழுவிப் போனது தெரியாமல் வீடு வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கெடுவது தொடு உணர்ச்சி நரம்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வியர்வையை இயக்கும் நரம்பும் கெடும். மேலே சொன்னேன், உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி இல்லை. வியர்வையும் நின்றால் தோல் கோடையில் குளத்து மண் வெடிப்பது போல வெடிக்கும். பித்த வெடிப்பு என்று சும்மா விட்டுவிடுகிறோம். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. பாதத்தின் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பு கெட்டால் தசை சூம்பி, விரல்கள் பருந்தின் கால் மாதிரி வளைந்துகொள்ளும். மெத்தை முன்னால் விலகிப் போக, எலும்பின் முனை நேரடியாகத் தோலை அழுத்தும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு விழும்.

காய்ப்பு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உணர்ச்சி உள்ள காலில் ஓரளவு சரி. மரத்த காலில் அது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லுக்குச் சமம். காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கட்டிவிட்டது, புண் உருவாகிவிட்டது என்று அர்த்தம். மேலே மூடியிருப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூட்டுக்கு வருவோம். என் அறைக்குள் வருகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். பதிலுக்கு நானும் வைத்துவிட்டு அவர்கள் கையைத்தான் பார்ப்பேன். நெடுநாள் சர்க்கரை உள்ள சிலருக்கு இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாது. விரல் கணுக்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். சர்க்கரை, தோலிலும் மூட்டைச் சுற்றியுள்ள நார்களிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை விறைக்க வைத்துவிடுகிறது. கைத்தோல் மெழுகு பூசியது போலத் தடித்திருக்கும். கையில் இது இருந்தால் பெருவிரல் மூட்டும் கணுக்கால் மூட்டும் விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்களும் இப்போதே கையைக் கூப்பிப் பார்க்கலாம். இடைவெளி விழுந்தால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காலையும் காட்டுங்கள்.

இனி சொல்லப் போவது நான் செய்த ஒரு பிழை. மருத்துவனாகி நான்காவது வருடம். ஒரு சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த அம்மா, 48 வயது, இடது பாதம் முழுக்கச் சிவந்து வீங்கி வந்தார். தொட்டால் மற்றக் காலைவிட நன்றாகச் சுட்டது. வலி அதிகம் இல்லை, நடந்துதான் வந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. கிருமித்தொற்று என்று முடிவு செய்து ஆன்டிபயாட்டிக் எழுதி, “வேலைக்குப் போகலாம்மா, ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்று அனுப்பினேன். அவர் ஒன்றரை மாதம் கழித்து வந்தார். பாதத்தின் வளைவு சரிந்து, நடுப்பாகம் கீழே புடைத்து, ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. நடு எலும்புகள் நொறுங்கி இடம் மாறியிருந்தன. அதன்மேலேயே அவர் தினமும் பெரிய அண்டாவைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

இதற்குச் சார்கோ பாதம் என்று பெயர். 1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோ வேறொரு நரம்பு நோயில் மூட்டுகள் இப்படிச் சிதைவதை விவரித்தார். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வரும் என்று 1936இல் எழுதப்பட்டது. மரத்த பாதத்தில் ஒரு சின்னச் சுளுக்கோ விரிசலோ விழுந்தால், வலி தெரியாததால் நடந்துகொண்டே இருப்போம். எலும்பில் அழற்சி கூடும், எலும்பு இளகும், மேலும் நொறுங்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை, காய்ச்சல் இல்லை. படுக்க வைத்துக் காலைப் பத்து நிமிடம் உயர்த்தி வைத்திருந்தால் சிவப்பு வடிந்திருக்கும், தொற்றாக இருந்தால் அப்படி எளிதில் வடியாது. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் எடை போடாமல் வைத்திருந்தால் வளைவைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது அவர் தனியாக அச்செடுத்துச் செய்த ஷூவில் நடக்கிறார். ஒவ்வொரு முறை வரும்போதும் “நல்லா இருக்கீங்களா தம்பி” என்றுதான் கேட்கிறார்.

அதனால் சொல்கிறேன், சர்க்கரை உள்ளவருக்குக் காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் காலில் எடை போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பார்க்கும் மருத்துவரிடம் “சார்கோவா இருக்குமா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கால் மரத்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சைக்கிள் பிரேக் வயரில் பிரிந்த ஓர் இழை போல மெல்லிய நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. அதை உள்ளங்காலில் சில இடங்களில் தொடுவோம். கண்ணை மூடிக்கொண்டு “தொட்டீங்க” என்று சொல்ல வேண்டும். அப்புறம் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைப்போம், அதிர்வு தெரிகிறதா என்று. மேல்பாதத்தில் நாடி பார்ப்போம், ரத்த ஓட்டத்துக்காக. எல்லாம் ஐந்தே நிமிடம். சர்க்கரை இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள்.

அண்ணாச்சிக்கு நான் அந்த இழையை வைத்தபோது பத்து இடத்தில் ஓர் இடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை. துளைக்குள் மழுங்கிய கம்பியை மெதுவாக விட்டேன். ‘கட்’டென்று கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. எலும்பு. புண் எலும்பு வரை போய்விட்டது என்றால் எலும்பிலும் தொற்று இருக்கலாம். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது.

வீட்டில் நடக்கும் காயங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் வரும் சுட்ட புண்களில் பெரும்பாலானவை அன்பால் வந்தவை. அப்பாவுக்குக் கால் குளிர்கிறது என்று மகள் வெந்நீர்ப் பை வைப்பாள், அம்மாவுக்குக் கால் உளைகிறது என்று மகன் உப்புப் போட்டு வெந்நீரில் காலை வைக்கச் சொல்வான். சூடு தெரியாத கால் கொப்புளித்துவிடும். மரத்த காலுக்கு ஒத்தடமே வேண்டாம். குளிக்கிற தண்ணீரையும் வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நண்பகல் நேரத்தில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படித்தான். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறிவிட்டால் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. பழைய பேருந்துகளில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடியில் கால் வைத்துத் தூங்கி, பாதம் வெந்து வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

கால் ஆணியை பிளேடால் சீவுவது, கடையில் வாங்கி ஒட்டும் கால் ஆணிப் பிளாஸ்திரி, இரண்டும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியையும் அரிக்கும், பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தினமும் உள்ளங்காலிலும் குதிகாலிலும் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும். செருப்பு வாங்க சாயங்காலம் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். பின்னால் வார் உள்ளதாக, கட்டைவிரலால் அழுத்தினால் உள்மெத்தை அமுங்கி எழும்புவதாகப் பாருங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆணி முனை கைக்குத் தட்டுப்படும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைக் காட்டலாம். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். விரல் இடுக்குகள், குதிகால் ஓரம், மெட்டிக்கு அடியில் என எல்லாம். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு எது சூடு என்று பாருங்கள்.

அண்ணாச்சிக்கு டெட்டனஸ் ஊசி போட்டு, புண்ணைச் சுத்தம் செய்து, ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக், பாதத்தில் எடை படாத கட்டு. கடையை மகன் பார்த்துக்கொண்டான். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன், எடுக்கவில்லை. புண் மூட மூன்று மாதம் ஆனது.

போன வாரம் வந்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு போட்டிருந்தார். நான் கேட்கும் முன் அவர் மனைவி, “நேத்து ராத்திரி போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன் சார். சுண்டுவிரல் இடுக்குல வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. இவருக்கு ஒண்ணும் தெரியலங்கிறாரு” என்றார். விரலை விலக்கிப் பார்த்தேன். ஈரம் நின்று பூஞ்சை பிடித்திருந்தது. இன்னும் வெடிக்கவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்தேன். குளித்ததும் இடுக்கை எப்படித் துடைக்க வேண்டும் என்று பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்துச் செய்து காட்டினேன்.